கிரேக்கத்துக்குத் தமிழ்ப் பயணிகளை அழைத்துச் செல்வோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

சென்னை, கோவை, மதுரை முதலிய ஊர்களிலிருந்து குழுக்களைத் திரட்டிக் கிரேக்கத்துக்கு அழைத்துச் செல்லும் உங்கள் அனைவருக்கும் பொதுவாகவே இம்மடலை எழுதுகிறேன். பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். கிரேக்கத்துக்கு இரண்டு முறை சென்று வந்தேன். முதல்முறை நாற்பது பேர் கொண்ட குழுவோடு எட்டு நாள், இரண்டாம் முறை என் தங்கையோடு மட்டும் பன்னிரண்டு நாள். முதல் பயணத்தில் நான் பார்க்காமல் விட்டவை எவை என்பது இரண்டாம் பயணத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அவற்றில் பெரும்பாலானவை எங்கள் பேருந்து கடந்து சென்ற சாலைகளின் ஓரத்திலேயே இருந்தன என்பது இன்றும் என்னை வருத்துகிறது. உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: எட்டு நாள் பயண நிரலில் இரண்டு அரைநாள்களைச் சிற்றூர்களின் அருங்காட்சியகங்களுக்கு ஒதுக்குங்கள்.

ஏதென்ஸின் அக்ரோபோலிஸ், தெல்ஃபி, மைசீனி, சாண்டோரினி என்று அமைந்த உங்கள் நிரலில் எதையும் நான் குறை சொல்லவில்லை. அக்ரோபோலிஸைப் பார்க்காமல் ஒருவர் ஊர் திரும்பினால் அது பெரிய இழப்புத்தான். ஆனால் கொரிந்த் கால்வாயைப் பார்த்துவிட்டு மைசீனிக்குச் செல்லும் வழியில், தொல்லிடங்களுக்கென்று அந்நாட்டில் வைக்கும் பழுப்பு நிறப் பலகையில் ‘நெமேயா’ என்ற பெயரை நான் சன்னல் வழியே பார்த்தேன். அங்கே இறங்க முடியுமா என்று கேட்டதற்கு நேரமில்லை என்று பதில் வந்தது. அன்று பிற்பகலே ஒரு பானைக் கடையில் எங்களை ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. இது ஒருவரின் தவறு மட்டுமன்று, எல்லோருடைய நிரலும் அவ்வாறே அமைந்திருக்கிறது என்பதால்தான் உங்கள் அனைவருக்கும் எழுதுகிறேன்.

இரண்டாம் பயணத்தில் நாங்கள் முதலில் போனது அந்த நெமேயாவுக்குத்தான். ஒலிம்பியா, தெல்ஃபி, இஸ்த்மியா ஆகியவற்றோடு சேர்த்து, கிரேக்கர் அனைவருக்கும் பொதுவான விளையாட்டு விழாக்கள் நடந்த நான்கு இடங்களில் அதுவும் ஒன்று. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஜீயஸ் கோயிலின் தூண்கள் நிற்கின்றன. பழங்காலத்திலிருந்து விழாமல் நின்றவை மூன்று, கீழே கிடந்த கற்களை மீண்டும் அடுக்கி எழுப்பியவற்றையும் சேர்த்தால் இன்று ஒன்பது. அருங்காட்சியகத்தின் சன்னலருகே நின்றால் பேழைக்குள் இருக்கும் பொருளையும் அது வெளிவந்த நிலத்தையும் ஒரே பார்வையில் பார்க்க முடிகிறது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துக்காகப் பல்லாண்டு அங்கே அகழாய்வு நடத்திய ஸ்டீஃபன் மில்லரின் உழைப்பால் 1984-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் அது. அங்குள்ள நாணயங்களின் முன்னால்தான் நான் நெடுநேரம் நின்றேன். பந்தய மைதானத்தின் சரிவில் உட்கார்ந்து பார்த்தவர்கள் தவறவிட்ட காசுகள் அவை. எந்த ஊர்க் காசு எந்தப் பக்கத்தில் மிகுதியாகக் கிடைத்தது என்பதைக் கொண்டு, ஓர் ஊரார் ஓரிடத்தில் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆர்கோஸ் ஊர்க்காரர் தம் ஊர்ப் பையனுக்காகக் கத்திக்கொண்டே எழுந்தபோது மடியிலிருந்து நழுவிய காசாகக்கூட அது இருக்கலாம் என்று தோன்றியபோது, எத்தனையோ ஆண்டுகள் வகுப்பில் நான் சொன்ன கிரேக்க வரலாறு முதன்முறையாக ஒரு மனிதரின் கையளவுக்கு என் அருகில் வந்தது.

அங்கிருந்து சிறிது தூரத்தில் அந்த மைதானம் இருக்கிறது. வீரர்கள் உடை களைந்த அறையிலிருந்து ஓடுகளத்துக்கு வர, முப்பத்தாறு மீட்டர் நீளத்தில் கல்லால் கட்டிய ஒரு சுரங்க வழி உண்டு. அதன் சுவரில், தம் முறைக்காகக் காத்திருந்தவர்கள் கீறிய பெயர்களை இன்றும் காணலாம். வெளியே வந்தால் ஓட்டம் தொடங்கும் கோட்டில், கால்விரல்களை ஊன்றிக்கொள்ளக் கல்லில் வெட்டிய பள்ளங்கள் இருக்கின்றன. என் தங்கை செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பள்ளத்தில் விரல்களை வைத்துப் பார்த்தாள். 1996 முதல் அவ்வூரார் அந்த விழாவை மீண்டும் நடத்துகிறார்கள். எந்த நாட்டவரும் எந்த வயதினரும் வெறுங்காலோடு அங்கே ஓடலாம். வென்றவருக்குப் பழங்காலத்தில் சூட்டிய மாலை காட்டு செலரிக் கீரையால் ஆனது. அவ்விழாவே பாம்பு கடித்து இறந்த ஒஃபெல்டெஸ் என்னும் குழந்தையின் நினைவாகத் தொடங்கியது என்று கதை சொல்வதால், நடுவர்கள் துக்கத்துக்குரிய கறுப்பு உடை அணிந்தார்கள்.

அதே அருங்காட்சியகத்தில் ஐதோனியா நகைகளும் இருக்கின்றன. பக்கத்து ஊரான ஐதோனியாவில் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய மைசீனியக் காலத்துக் கல்லறைகளை 1970-களின் இறுதியில் திருடர்கள் தோண்டினார்கள். அங்கிருந்து போன தங்க மோதிரங்களும் மணிகளும் 1993-இல் நியூயார்க்கில் விற்பனைக்கு வந்தபோது, திருடர் கண்ணில் படாமல் தப்பிய ஒரு குழியிலிருந்து கிரேக்கத் தொல்லியலாளர்கள் முறைப்படி எடுத்திருந்த நகைகளோடு அவை ஒத்துப்போயின. வழக்குத் தொடுக்கப்பட்டு, 1996-இல் அவை நாடு திரும்பின. ஏதென்ஸின் பெரிய கூடத்தில் வைக்காமல், அவை கிடைத்த மண்ணுக்கு அருகிலேயே அவற்றை வைத்திருக்கிறார்கள். அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். ஏனெனில், எடுத்த இடத்தைவிட்டுப் பிரிந்த பொருள் அழகாக இருக்கலாம், ஆனால் அதனிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் பாதிக்கு மேல் அது பதில் சொல்லாது.

இதற்கு இன்னொரு சான்று எவியாத் தீவின் எரேத்ரியா அருங்காட்சியகத்தில் உள்ள சுடுமண் கெந்தவுரன். இடுப்புக்கு மேல் மனிதனும் கீழே குதிரையுமான இந்த உருவம் ஏறத்தாழ கி.மு. 900-ஐச் சேர்ந்தது, முப்பத்தாறு சென்டிமீட்டர் உயரம், கிரேக்கக் கலையில் இந்தக் கற்பனைப் பிறவிக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய உருவங்களுள் ஒன்று. அருகிலுள்ள லெஃப்கன்டியில் தலை ஒரு கல்லறையிலும் உடல் வேறொரு கல்லறையிலும் கிடைத்தன. வலக்கையில் ஆறு விரல்கள். முன்காலில், மண் ஈரமாக இருந்தபோதே வேண்டுமென்று வைத்த ஒரு வெட்டு. புராண வீரன் ஹெராக்லீஸின் அம்பால் காயம்பட்ட அறிவாளிக் கெந்தவுரனான கைரோன் இவன்தானோ என்று ஆய்வாளர்கள் ஐயுறுகிறார்கள். அப்படியானால், ஹோமரின் காவியங்கள் எழுத்தில் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அந்தக் கதை அவ்வூர்க் குயவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே உருவத்தை உடைத்து இரு கல்லறைகளில் ஏன் வைத்தார்கள்? அந்த இருவரும் யார், யாருக்கு யார் உறவு? வெறும் அழகுப் பொருளாக அது ஒரு தலைநகரக் கூடத்தில் நின்றிருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தோன்றியிருக்காது. ஏதென்ஸுக்கு வடக்கே ஒரோபோஸ் துறையிலிருந்து படகேறினால் சிறிது நேரத்தில் எரேத்ரியாவில் இறங்கலாம். உங்கள் குழுவில் உள்ளவர்களுக்கு அந்தக் கடல் வழியே ஒரு மகிழ்ச்சியாக இருக்கும்.

தெல்ஃபிக்குச் செல்லும் பேருந்துகள் எல்லாம் லிவாதியா நகரை ஒட்டித்தான் போகின்றன. அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் கைரோனியா என்னும் சிற்றூர் உண்டு. கி.மு. 338-இல் மக்கெதோனிய மன்னர் இரண்டாம் ஃபிலிப் ஏதென்ஸ், தீப்ஸ் படைகளை முறியடித்த களம் அது. அவருடைய மகன் அலெக்சாந்தர் அப்போது பதினெட்டு வயது இளைஞர். சாலையோரத்தில் சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே ஒரு கல் சிங்கம் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சூழ்ந்த நிலத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோண்டியபோது ஏழு வரிசைகளில் 254 எலும்புக்கூடுகள் கிடைத்தன. தீப்ஸின் புகழ்பெற்ற புனிதப் படையினரே அவர்கள் என்று பலரும் கருதுகிறார்கள். சிங்கத்துக்கு மிக அருகில் அந்தச் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. நாங்கள் போன காலையில் வேறு பார்வையாளர் ஒருவரும் இல்லை. காவலர் எங்களுக்கு முன்னே நடந்து, மக்கெதோனியர் தம் வீரர்களை எரித்துப் புதைத்த மேட்டிலிருந்து வந்த ஆயுதங்களைக் காட்டி, கையை அகல விரித்து ஈட்டியின் நீளத்தைச் சொன்னார். நாங்கள் அடுத்த பேழைக்கு விரைந்தபோது ‘சிகா சிகா’ என்றார். மெல்ல, மெல்ல என்று பொருள்.

பழங்காலப் பெருமக்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய புளூட்டார்க் அவ்வூரில் பிறந்தவர்தான். உரோமப் பேரரசின் பெருநகரங்களில் வாழும் வாய்ப்பும் புகழும் இருந்தும் அவர் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கைரோனியாவிலேயே கழித்தார். தாம் வாழ்வது சின்ன ஊர் என்றும், தாமும் போய்விட்டால் அது இன்னும் சின்னதாகிவிடும் என்பதால் அங்கேயே இருப்பதாகவும் அவரே எழுதியிருக்கிறார். போர் நடந்து நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும், ஆற்றங்கரையில் அலெக்சாந்தரின் கூடாரம் நின்ற இடத்து ஓக் மரம் என்று ஒன்றைத் தம் காலத்திலும் காட்டினார்கள் என்று அவர் குறித்ததையும் நான் அங்கே நினைத்துக்கொண்டேன். உள்ளூர்க்காரர் ஒருவர் மட்டுமே எழுதக்கூடிய செய்தி அது.

குழந்தைகளும் பேரக்குழந்தைகளும் வரும் குழுக்களுக்கு நான் முதலில் சொல்வது பிராவ்ரோன். இன்றைய வழக்கில் அதை வ்ராவ்ரோனா என்கிறார்கள். ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து பேருந்தில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதால், மாலையில் ஊர் திரும்பும் விமானம் உள்ள நாளில் காலையை அங்கே கழிக்க முடியும். ஆர்தெமிஸ் தெய்வத்தின் கோயில் அங்கே இருந்தது. கோயிலுக்குரிய கரடி ஒன்று ஒரு சிறுமியைக் கீறிவிட, அவளுடைய அண்ணன்மார் அதைக் கொன்றார்கள் என்றும், அதற்கு ஈடாகச் சிறுமிகள் தமக்குக் ‘கரடிகளாக’ இருந்து பணி செய்ய வேண்டும் என்று தெய்வம் ஆணையிட்டது என்றும் கதை. ஏதென்ஸ் வீடுகளின் பெண் குழந்தைகள் திருமண வயதுக்கு முன்பு அங்கே வந்து கரடி வேடத்தில் ஆடினார்கள், ஓடினார்கள். அவர்கள் ஓடும் படங்கள் தீட்டிய சின்னஞ்சிறு கலயங்களை இன்று அங்கே பார்க்கலாம். யோன்னிஸ் பாபாதிமித்ரியு 1948 முதல் நடத்திய அகழாய்வில் நீர் கோத்த சேற்றுக்குள்ளிருந்து மரப் பொருள்கள்கூட வெளிவந்தன. கிரேக்க மண்ணில் மரம் இத்தனை காலம் தங்குவது மிக அரிது.

அங்குள்ள பளிங்குச் சிறுமிகளைப் பற்றி எழுதாமல் என்னால் இந்த மடலை முடிக்க முடியாது. பெற்றோர் கோயிலுக்குக் காணிக்கையாக வைத்த உருவங்கள் அவை. ஒரு குழந்தை தன் உடையின் மடிப்பைத் தூக்கிப் பிடித்து, அதற்குள் ஒரு முயலை வைத்திருக்கிறது. உப்பிய கன்னம், கொஞ்சம் முன்னால் தள்ளிய வயிறு, சிரிக்கத் தொடங்கி முடிக்காத உதடு. மடியில் எதையோ ஒளித்து வைத்துக்கொண்டு அதைக் காட்டலாமா கூடாதா என்று நிற்கும் பிள்ளையின் நிற்பு அது. பெரிய அருங்காட்சியகங்களில் வீரர்களையும் தெய்வங்களையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அந்நாட்டில் குழந்தைகளும் இருந்தார்கள், அவர்களுக்காக வேண்டிக்கொண்ட அப்பா அம்மாக்களும் இருந்தார்கள் என்பதை அந்த ஒரே கூடம் உணர்த்துகிறது. பிரசவத்தில் இறந்த பெண்களின் துணிகளை, புராணத்தில் அக்கோயிலின் பூசாரியாகச் சொல்லப்படும் இஃபிகெனியாவுக்குக் காணிக்கையாக்கும் வழக்கமும் அந்தக் கோயிலோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. அந்தப் பிள்ளைகளின் சிரிப்புக்குப் பக்கத்திலேயே அந்த அச்சமும் இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது.

கிரேக்க வரலாறு கிறித்துவுக்கு முன்பே முடிந்துவிட்டது என்பதுபோல நம் நிரல்கள் அமைந்திருப்பது என்னுடைய இன்னொரு வருத்தம். தெற்குத் தீபகற்பமான பெலோபொன்னீஸின் வடகரையில் தியாகொஃப்தோ என்ற ஊரிலிருந்து, 1896-இல் திறந்த பற்சக்கர ரயில் பாதை ஒரு மலையிடுக்கு வழியே இருபத்திரண்டு கிலோமீட்டர் ஏறிக் காலாவ்ரிதாவை அடைகிறது. ரயிலின் அழகுக்காக மட்டும் சிலர் அங்கே போய்த் தேநீர் அருந்தித் திரும்புகிறார்கள். 1943 டிசம்பர் 13 அன்று ஜெர்மானியப் படையினர் அவ்வூர்ப் பெண்களையும் சிறு குழந்தைகளையும் பள்ளிக்கூடத்தில் அடைத்துவிட்டு, ஆண்களையும் வளர்ந்த சிறுவர்களையும் கப்பி என்னும் மேட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். ஊருக்குத் தீ வைத்தார்கள். பெண்கள் எரியும் பள்ளியிலிருந்து குழந்தைகளோடு தப்பி வெளியே வந்து மேட்டில் கண்டது தம் கணவன்மாரின், மகன்களின், அப்பாக்களின் உடல்களை. தேவாலய மணிக்கூண்டின் கடிகாரத்தை அது நின்ற 2.34 மணியிலேயே இன்றும் வைத்திருக்கிறார்கள். அந்தப் பள்ளிக்கூடம்தான் இன்று அவ்வூர் நகராட்சியின் அருங்காட்சியகம். கடைசி அறையின் சுவர் முழுவதும் கொல்லப்பட்டவர்களின் முகங்கள். திருமணப் படத்திலிருந்து வெட்டியது, அடையாள அட்டையிலிருந்து எடுத்தது என்று வீடுகளில் இருந்த படங்களே அவை என்று பார்த்தவுடன் தெரிகிறது. முப்பது ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் வாழ்ந்தவள் என்பதாலோ என்னவோ, அந்த அறையை விட்டு வெளியே வர எனக்கு நேரமாயிற்று. ஈழத்தில் போரைக் கடந்து வந்த குடும்பத்தினர் உங்கள் குழுவில் இருந்தால் மட்டும், உள்ளே நுழையும் முன்பே அங்கே என்ன இருக்கிறது என்று தனியே சொல்லிவிடுங்கள். போவதும் போகாததும் அவர்கள் முடிவாக இருக்கட்டும்.

நேரம் இல்லை, பயணிகள் கேட்பதில்லை, முதியவர்களால் முடியாது என்று நீங்கள் சொல்லக்கூடியவை எனக்குத் தெரியும். முதியவர்களுக்குத்தான் இது மிகவும் ஏற்றது என்பது என் அனுபவம். அக்ரோபோலிஸில் வழுக்கும் பளிங்கின் மேல் ஏற வேண்டும். நாளொன்றுக்கு இருபதாயிரம் பேர் என்ற உச்சவரம்பை 2023-இல் கொண்டுவர வேண்டிய அளவுக்கு அங்கே கூட்டம். 2023 ஜூலையிலும் 2024 ஜூனிலும் வெப்ப அலை வீசிய நாள்களில் நண்பகலில் அதை மூடிவிட்டார்கள். அத்தகைய நண்பகலில் சிற்றூர் அருங்காட்சியகத்தின் இரண்டு மூன்று அறைகள் நிழலும் அமைதியும் தரும். வரிசை கிடையாது. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து நூறு அடி நடந்தால் போதும். நுழைவுச்சீட்டுக் கட்டணமும் அக்ரோபோலிஸுக்கான முப்பது யூரோவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

கவனிக்க வேண்டியது வேலை நேரம் ஒன்றுதான். பெரும்பாலான சிறு அருங்காட்சியகங்கள் காலை எட்டரைக்குத் திறந்து பிற்பகல் மூன்றரைக்கு மூடிவிடும். பலவற்றுக்கு வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை, விடுமுறை. ஆகவே கடையையும் மதிய உணவையும் முதலில் வைத்து அருங்காட்சியகத்தைப் பின்னால் வைத்தால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். சீரமைப்புப் பணிக்காகச் சில இடங்கள் நீண்ட காலம் மூடியிருப்பதும் உண்டு. கிளம்புவதற்கு முந்திய வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். நவம்பர் முதல் மார்ச் வரை ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று அரசு அருங்காட்சியகங்களில் கட்டணம் கிடையாது என்பதையும் குளிர்காலக் குழுக்கள் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஏதென்ஸிலிருந்து மைசீனி போகும் நாளில் காலையில் முதலாவதாக நெமேயா. தெல்ஃபி போகும் நாளில் வழியில் கைரோனியா. இந்த இரண்டுக்கும் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டியதில்லை, பேருந்து வழியைவிட்டு நெடுந்தூரம் விலக வேண்டியதும் இல்லை. அங்கே எல்லாப் பேழைகளையும் விளக்க வேண்டாம் என்று வழிகாட்டிகளிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு பொருள்களைப் பற்றி மட்டும் பேசட்டும். பிறகு முக்கால் மணி நேரம் பயணிகளைத் தம் போக்கில் விட்டுவிட்டு, அந்தப் பொருள் கிடைத்த இடத்துக்கு நடத்திச் செல்லட்டும்.

அந்த அருங்காட்சியகங்களில் விளக்கங்கள் கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கின்றன. உங்கள் குழுவில் வரும் அம்மாக்களும் பாட்டிமாரும் சங்கடப்படுவது அங்கேதான் என்பதை முதல் பயணத்தில் கண்கூடாகப் பார்த்தேன். ஆகவே நெமேயா, கைரோனியா, எரேத்ரியா, பிராவ்ரோன், காலாவ்ரிதா ஆகிய ஐந்து இடங்களுக்கும் இரண்டு பக்க அளவில், பெரிய எழுத்தில், தமிழ்க் குறிப்புகளை எழுதி வைத்திருக்கிறேன். உங்களில் யார் கேட்டாலும் கட்டணமின்றித் தருகிறேன். உங்கள் நிறுவனத்தின் பெயரைப் போட்டே அச்சிட்டுக்கொள்ளலாம். குழு கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு நாளையும் நிரலையும் தெரிவித்தால், எந்தக் கிழமை எந்த ஊர் திறந்திருக்கும் என்பதையும் நானே விசாரித்து எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய பயணிகளுள் ஒருத்தி